சூளையோரப் போர்டுக்கு எத்தனை லேயர்?

"இதுக்கு ரெண்டு லேயர் போதுமா, நாலு வேணுமா?" என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். கேட்பவர் புராஜெக்ட் செய்யும் மாணவராக இருக்கலாம், சூளைக்குக் கன்ட்ரோலர் வாங்கப் பணம் எடுத்துவைத்திருக்கும் முதலாளியாக இருக்கலாம், கேள்வி ஒன்றேதான். நான் உடனே பதில் சொல்வதில்லை. "போன கரன்ட் எந்த வழியாத் திரும்பி வரப்போகுது?" என்று திருப்பிக் கேட்பேன். அதற்குப் பதில் தெரிந்துவிட்டால் எத்தனை லேயர் என்பது தானே தெரிந்துவிடும். அதற்குப் பதில் தெரியாமல் எட்டு லேயர் போட்டாலும் காசுக்குக் கேடு.

விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டையைச் சுற்றியுள்ள சூளைகளுக்கு வெப்பநிலைக் கன்ட்ரோலரும் டேட்டா லாகரும் வடிவமைத்துத் தருவது என் பிழைப்பில் ஒரு பகுதி. பிசிபி அடுக்குகளைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் கம்ப்யூட்டர் மதர்போர்டையோ செல்போனையோ மனத்தில் வைத்துக்கொண்டு எழுதுகிறார்கள். பியூஸ் கேரியரும் அகல் விளக்கும் பொம்மையும் வேகிற சூளைக்குப் பக்கத்தில், இரும்புப் பெட்டிக்குள், களிமண் தூசியில் வருஷக்கணக்காகக் கிடக்க வேண்டிய போர்டுக்கு அந்த அறிவுரையில் பாதிதான் பொருந்தும். பொருந்தாத மீதிப் பாதியைத்தான் இங்கே அதிகம் சொல்லப்போகிறேன்.

முதலில் ஒரு கணக்கு. பீங்கான் சூளை 1,200 டிகிரியைத் தாண்டும். அந்தச் சூட்டில் நாள்கணக்கில் தாக்குப்பிடிக்க கே டைப் தெர்மோகப்பிள் லாயக்கில்லை. பிளாட்டினம் கம்பியுள்ள எஸ் டைப்தான் போடுவார்கள். 1,200 டிகிரியில் கே டைப் கிட்டத்தட்ட 49 மில்லிவோல்ட் தரும். எஸ் டைப் தருவது 12 மில்லிவோல்ட் மட்டுமே. ஒரு டிகிரி ஏறினால் அதில் கூடுவது சுமார் 12 மைக்ரோவோல்ட். இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பியூஸ் கேரியர் சுடும் ஒரு சூளையில் நடந்தது. "தம்பி, ப்ளோயர் ஓடுறப்ப ஒரு டிகிரி காட்டுது, நின்னா வேற காட்டுது. ஆனா கோன் மட்டும் எப்பவும் போலத்தான் சாயுது" என்றார் முதலாளி. கோனைச் சந்தேகிக்க முடியாது. அது சூளைக்குள் வைக்கும் மண்கூம்பு, மண்ணே உருகிச் சாய்வது, அதற்கு ப்ளோயர் ஓடுவதும் நிற்பதும் தெரியாது. "அண்ணே, ப்ளோயரப் போட்டுப் போட்டு நிறுத்துங்க, பார்ப்போம்" என்றேன். ஒவ்வொரு முறையும் பத்து டிகிரி போல எகிறியது. யாரோ செய்து கொடுத்த பழைய கன்ட்ரோலர் அது. பெட்டியைத் திறந்தால் இரண்டு லேயர் போர்டு. கிரவுண்ட் ஒரு மெல்லிய ட்ராக்காக ரிலே பகுதி வழியே போய், அங்கிருந்து தெர்மோகப்பிள் ஆம்ப்ளிஃபயருக்கு வந்திருந்தது.

35 மைக்ரான் செம்பில் ஒரு சதுரத்துக்கு ஏறக்குறைய அரை மில்லி ஓம். ஒரு மில்லிமீட்டர் அகலத்தில் 24 மில்லிமீட்டர் நீளம் ஓடும் ட்ராக் என்றால் 24 சதுரம், அதாவது 12 மில்லி ஓம். ப்ளோயரை இயக்கும் ஆப்டோகப்ளருக்குப் போகிற 10 மில்லி ஆம்பியர் அதன் வழியே திரும்பினால் 120 மைக்ரோவோல்ட் விழும். எஸ் டைப்புக்கு அது பத்து டிகிரி. சூளையில் சூடு மாறவேயில்லை; போர்டுக்குள் கரன்ட் திரும்பிய பாதைதான் டிகிரியாகக் காட்டிக்கொண்டிருந்தது. பத்து டிகிரிதானே என்று விட முடியாது. 573 டிகிரி வாக்கில் மண்ணிலுள்ள குவார்ட்ஸ் உருமாறி அளவு மாறும். அந்த இடத்தை மெதுவாகக் கடக்காவிட்டால் சரக்கு விரிசல் விடும். அங்கே கன்ட்ரோலர் தவறாகப் படித்தால் நஷ்டம் சூளை திறந்த அன்றைக்குத்தான் தெரியும்.

அதே பத்து மில்லி ஆம்பியர், துண்டுபடாத முழுச் செம்புத் தளத்தில் ஓடினால் சில மைக்ரோவோல்ட்தான் விழும். அரை டிகிரிகூட வராது. நாலு லேயரின் முதல் லாபம் இதுதான்: உள்ளே ஒரு முழு லேயரை கிரவுண்டுக்கென்றே எழுதிவைத்துவிடலாம், வேறு எதற்கும் அதில் இடம் கேட்க வேண்டியதில்லை. ஆனால் இதையே இரண்டு லேயரிலும் சாதிக்கலாம். பாகங்கள் குறைவாக இருந்து, எல்லா ட்ராக்கையும் மேலே ஓட்டி, கீழ்ப்பக்கம் முழுவதையும் கிரவுண்டாக விட முடிந்தால் இரண்டு லேயரே போதும். வெறும் ஆன்-ஆஃப் கன்ட்ரோலருக்கு நான் இன்றும் இரண்டு லேயர்தான் போடுகிறேன். கீழே கிரவுண்டை வெட்டிக்கொண்டு ஒவ்வொன்றாக ஜம்பர் ட்ராக்குகள் சேரத் தொடங்கும்போதுதான் நாலுக்குப் போவேன்.

இது நேர்கரன்டின் கதை. வேகமான சிக்னல்களின் கதை வேறு. அதிர்வெண் சில நூறு கிலோஹெர்ட்ஸைத் தாண்டிவிட்டால் திரும்பும் கரன்ட் தடை குறைந்த வழியைத் தேடாது. தான் போன ட்ராக்குக்கு நேர் அடியிலேயே, பக்கத்திலுள்ள தளத்தில் திரும்பும். எவ்வளவு ஒட்டித் திரும்பும் என்பதை ட்ராக்குக்கும் தளத்துக்கும் இடையிலுள்ள உயரம் முடிவுசெய்கிறது. அந்த உயரத்தைப் போல ஒவ்வொரு பக்கமும் மூன்று மடங்கு தூரத்துக்குள் திரும்பும் கரன்டில் சுமார் 80 சதவீதம் அடங்கிவிடும். 1.6 மி.மீ. இரண்டு லேயர் போர்டில் அது இரு பக்கமும் ஐந்து மில்லிமீட்டர் போலப் பரவும். அந்த எல்லைக்குள் தெர்மோகப்பிள் ட்ராக் இருந்தால் அதுவும் நனையும். நாலு லேயரில் மேல் லேயருக்கும் அடுத்த தளத்துக்கும் 0.2 மி.மீ. இடைவெளி என்றால் பரவல் 0.6 மி.மீ.யோடு முடிந்துவிடும். 50 ஓம் ட்ராக்கின் அகலமும் அப்படித்தான்: இரண்டு லேயரில் மூன்று மி.மீ. வேண்டும், இங்கே 0.35 மி.மீ. பக்கம் போதும்.

ஆகவே வரிசையைவிட இடைவெளி முக்கியம் என்பது என் கட்சி. 'சிக்னல், கிரவுண்ட், பவர், சிக்னல்' என்று மேலிருந்து கீழாக வரிசையை மட்டும் எழுதிவிட்டு வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள் அதிகம். 1.6 மி.மீ. தடிமனை மூன்று சம பாகமாகப் பிரித்து ஒருவர் போர்டு செய்யலாம். மேலும் கீழும் 0.2 மி.மீ. ப்ரீப்ரெக், நடுவில் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று மேற்பட்ட கோர் என்று இன்னொருவர் செய்யலாம். வரிசை ஒன்று, நடத்தை வேறு. நான் எப்போதும் இரண்டாவதையே கேட்டு வாங்குகிறேன்.

இரண்டாவதிலும் ஒரு சிக்கல் உண்டு. நடுக் கோர் தடிமனாகிவிட்டதால் பவரும் கிரவுண்டும் ஒன்றைவிட்டு ஒன்று தள்ளிப்போய்விடுகின்றன. 0.2 மி.மீ. இடைவெளியில் ஒரு சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 20 பிகோஃபாரட் கிடைக்கும், 1.2 மி.மீ. தள்ளினால் மூன்று சொச்சம்தான். அந்த நிலையில் மேல் லேயரில் ஓடும் சிக்னல் வயா வழியே கீழ் லேயருக்கு இறங்கினால், அதன் திரும்பும் கரன்ட் கிரவுண்ட் தளத்திலிருந்து பவர் தளத்துக்கு எப்படித் தாவும்? எங்கோ தள்ளியிருக்கும் கப்பாசிட்டரைத் தேடிக்கொண்டு சுற்றும். சுற்றும் வழியில் யார் மேலெல்லாம் இரைச்சல் ஏறும் என்று சொல்ல முடியாது.

அதனால் சூளைக் கன்ட்ரோலர்களுக்கு உள்ளே இரண்டையும் கிரவுண்டாகவே விட்டுவிடுகிறேன். மேல்: சிக்னலும் பவரும். இரண்டு, மூன்று: கிரவுண்ட். கீழ்: சிக்னலும் பவரும். பவரை அகலமான பட்டைகளாக வெளி லேயர்களிலேயே ஓட்டினால் போதும், 3.3 வோல்ட்டில் சில நூறு மில்லி ஆம்பியர் எடுக்கும் போர்டுக்கு ஒரு முழுத் தளம் தேவையில்லை. சிக்னல் இறங்கும் ஒவ்வொரு வயாவுக்கும் பக்கத்தில் கிரவுண்டை கிரவுண்டோடு கோக்கும் ஒரு வயா வைத்துவிட்டால் திரும்பும் கரன்ட் அங்கேயே இறங்கிவிடும். பவருக்கென்று ஒரு லேயர் இல்லாதது பழைய ஆட்களுக்கு உறுத்தும். எனக்கு உறுத்தவில்லை.

வெளியே இரண்டும் கிரவுண்ட், சிக்னலெல்லாம் உள்ளே என்று ஒரு தலைகீழ் வரிசையும் உண்டு. இரைச்சலை அடக்க நல்லது என்பார்கள். இங்கே அதை நான் சிபாரிசு செய்யமாட்டேன். ராத்திரி சூளை எரிந்துகொண்டிருக்கும்போது போர்டு நின்றால் அதைப் பார்க்க வருபவர் கையில் சால்டரிங் அயர்னும் மல்டிமீட்டரும்தான் இருக்கும். ட்ராக் கண்ணில் பட வேண்டும், பட்டால்தான் ஒயர் போட்டு ஒப்பேற்ற முடியும். பழுது பார்க்க முடியாத போர்டு இந்த ஊருக்கு ஆகாது.

இனி, புத்தகங்களில் அதிகம் பேசாத ஒரு இடம். முழு கிரவுண்ட் தளம் மின்சாரத்துக்கு நல்லது. சூட்டைப் பொறுத்தவரை அது எப்போதும் நல்லதல்ல. தெர்மோகப்பிள் காட்டுவது சூளைக்கும் போர்டிலுள்ள டெர்மினலுக்கும் இடையிலான வித்தியாசத்தைத்தான். டெர்மினலின் சூட்டைத் தனியாக ஒரு சென்சார் அளந்து கூட்ட வேண்டும். பிளஸ், மைனஸ் இரண்டு திருகும் சென்சாரும் ஒரே சூட்டில் இருக்க வேண்டும். அதற்கு அடியில் செம்பு இருப்பது உதவும். மூன்றையும் ஒரே சூட்டில் பிடித்துவைக்கும். ஆனால் அந்தச் செம்பு அந்தப் பக்கத்திலுள்ள ரெகுலேட்டர் வரை ஒரே தகடாக நீண்டால், ரெகுலேட்டரின் சூடும் டெர்மினலுக்கு வந்துசேரும். எஃப்ஆர்-4 பலகை சூட்டை அவ்வளவாகக் கடத்தாது. செம்பு அதைவிட ஆயிரம் மடங்குக்கு மேல் கடத்தும். இரண்டு உள் லேயரும் கிரவுண்ட் என்றால் சூடு வர இரண்டு பாதை.

நான் செய்வது இது. டெர்மினலும் சென்சாரும் உள்ள மூலையை நாலு லேயரிலும் ஒரு தீவாக ஒதுக்கிவிடுவேன். தீவுக்குள் செம்பு நிறைய இருக்கும். தீவையும் மற்ற கிரவுண்டையும் சேர்க்க ஒரே ஒரு குறுகிய கழுத்து. தெர்மோகப்பிள் ட்ராக்குகள் இரண்டும் அந்தக் கழுத்தின் மேலேயே ஒட்டிச் செல்லும். வெட்டை எந்த ட்ராக்கும் தாண்டாது. ரெகுலேட்டரும் வைஃபை மாட்யூலும் போர்டின் எதிர்மூலையில் இருக்கும். கிரவுண்டை வெட்டுவதை நான் ஒத்துக்கொள்ளும் இடங்கள் இரண்டே. இது ஒன்று, 230 வோல்ட் பகுதி மற்றது. 'அனலாக் கிரவுண்ட் தனி, டிஜிட்டல் கிரவுண்ட் தனி' என்று போர்டை நடுவே பிளந்து, பிளவின் மேலேயே பத்து ட்ராக்கை ஓட்டும் பழக்கம் இன்னும் போகவில்லை. பாகங்களைப் பிரித்து வையுங்கள், தளத்தைப் பிரிக்க வேண்டாம்.

230 வோல்ட் பகுதியில் கண்ணுக்குத் தெரியாத ஆபத்து உள் லேயர்கள்தான். மேலேயும் கீழேயும் இடைவெளியை ஒழுங்காக விட்டுவிட்டு, உள்ளே கிரவுண்ட் தளம் ரிலேவின் அடிவரை ஓடிக்கொண்டிருக்கும் போர்டுகளைப் பார்த்திருக்கிறேன். ஓட்டை போட்டு ஏறும் பின் ஒன்றுக்கும் உள் தளத்துக்கும் இடையே ஒரு மயிரிழைதான் இருக்கும். நாலு லேயரிலும் ஒரே கோட்டில் செம்பை விலக்குங்கள். மெயின்ஸுக்கும் லோ வோல்ட்டேஜுக்கும் நடுவே எட்டு மில்லிமீட்டர் விடுவது என் வழக்கம். களிமண் தூசி காய்ந்திருக்கும்போது சாது. மழைக்காலத்தில் ஈரம் ஏறினால் கசியத் தொடங்கும். அதனால் மேலே கோட்டிங்கும் கட்டாயம். வைஃபை ஆன்டெனாவுக்கு அடியிலும் நாலு லேயரிலும் செம்பு கூடாது. அதைவிட, இரும்புப் பெட்டிக்குள் வைஃபையை எதிர்பார்ப்பதே வீண். ஆன்டெனாவை வெளியே கொண்டுவந்துவிடுங்கள்.

சூளையைப் பற்றவைக்கும் இக்னிஷன் பொறி கிளப்பும் இரைச்சலை அடுக்கு வரிசை மட்டும் தடுத்துவிடாது. அது நீளமான தெர்மோகப்பிள் கேபிளைப் பிடித்துக்கொண்டுதான் உள்ளே வருகிறது. கேபிள் நுழையும் இடத்திலேயே ஃபில்டர் வேண்டும். ஃபில்டர் அந்த இரைச்சலை இறக்கிவிட அடியில் உருப்படியான கிரவுண்ட் வேண்டும். நாலு லேயர் செய்வது அந்த இரண்டாவது வேலையை.

போர்டு நெளிவதைப் பற்றி இந்த ஊர்க்காரர்களுக்கு விளக்கவே வேண்டாம். மெல்லிய தட்டுக்கு ஒரு பக்கம் மட்டும் கிளேஸ் பூசிச் சுட்டால் ஆறும்போது வளைந்துவிடும் என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். போர்டும் அதே மாதிரிதான். நடுக்கோட்டுக்கு மேலும் கீழும் செம்பின் அளவும் ப்ரீப்ரெக்கின் தடிமனும் சமமாக இல்லாவிட்டால் அழுத்தி ஆறவைக்கும்போதே நெளியும், பாகம் சால்டர் ஆகும் சூட்டில் இன்னும் நெளியும். சர்ஃபேஸ் மவுண்ட் போர்டுக்கு வளைவு 0.75 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்பது ஐபிசி அளவுகோல். நெளிந்த போர்டைப் பெட்டியில் திருகி நிமிர்த்தினால் முதலில் உடைவது செராமிக் கப்பாசிட்டர். மூன்று, ஐந்து என்று ஒற்றைப்படை லேயர் கேட்காதீர்கள் என்று தயாரிப்பாளர்கள் சொல்வதற்கும் இதுவே பெரிய காரணம்.

அந்தக் கப்பாசிட்டரே ஒரு அடுக்குப் பலகைதான் என்பதை இங்குள்ள செராமிக் பயிலகத்து மாணவர்களிடம் சொன்னால் கண் விரியும். பேரியம் டைட்டனேட் ஏடும் நிக்கல் ஏடும் மாறிமாறி நூற்றுக்கணக்கில் அடுக்கிச் சுட்ட பீங்கான் அது. "அப்போ போர்டையே செராமிக்ல செய்ய முடியாதா சார்?" என்பது அடுத்த கேள்வி. செய்திருக்கிறார்கள். 1980களின் தொடக்கத்தில் வந்த ஐபிஎம் 3081 கம்ப்யூட்டரில் 9 சென்டிமீட்டர் சதுர அலுமினாப் பலகை ஒன்று. உள்ளே 33 லேயர், அதன் மேல் நூற்றுக்கும் மேற்பட்ட சில்லுகள். அலுமினா 1,600 டிகிரி வாக்கில் வேக வேண்டும். செம்பு அந்தச் சூட்டில் ஓடிவிடும் என்பதால் மாலிப்டினமோ டங்ஸ்டனோதான் ட்ராக். கண்ணாடி கலந்த இன்னொரு வகை 850, 900 டிகிரியில் வெந்துவிடும், வெள்ளி ட்ராக் போடலாம். அந்தச் சூடு நம் சூளைகளுக்குப் பெரிதல்ல. சுடும்போது பத்து சதவீதத்துக்கு மேல் சுருங்கும் ஏட்டை, ஒவ்வொரு லேயரின் ஓட்டையும் அடுத்ததோடு பொருந்தும்படி சுருங்கவைப்பதுதான் கஷ்டம். கப்பும் சாசரும் சுடுவதற்கு இருக்கும் பொறுப்பு அதற்குப் போதாது.

ஆறு லேயரைப் பற்றிச் சுருக்கமாக. தொடுதிரை, லினக்ஸ், வேகமான மெமரி என்று போனால்தான் அது தேவைப்படும். அப்போது 'சிக்னல், கிரவுண்ட், சிக்னல், சிக்னல், பவர், சிக்னல்' என்ற வரிசையைத் தவிருங்கள். நடுவில் இரண்டு சிக்னல் லேயர் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருக்கும், பவரும் கிரவுண்டும் தூரமாகிவிடும். 'சிக்னல், கிரவுண்ட், சிக்னல், பவர், கிரவுண்ட், சிக்னல்' நல்லது. அதில் நாலும் ஐந்தும் ஒரே மெல்லிய கோரின் இரு பக்கமாக அமையும். மூன்றாவதில் ட்ராக் போக மீதி இடத்தைக் கிரவுண்ட் செம்பால் நிரப்பினால் நெளிவும் வராது.

தயாரிப்பாளரிடம் பேசும் விஷயம் கடைசியில் வந்தாலும் காலத்தால் முதலில் வர வேண்டியது. வரைந்து முடித்து ஃபைலை அனுப்பிவிட்டு இடைவெளியைக் கேட்பதில் பயனில்லை. ஒவ்வொருவரிடமும் கைவசம் இருக்கும் ப்ரீப்ரெக் வேறு. அழுத்தும்போது பிசின் செம்பின் இடுக்குகளில் இறங்குவதால் தடிமனும் கொஞ்சம் குறையும். மென்பொருள் தானாகப் போட்டுத்தரும் எண்ணை நம்பாமல் அவர்களுடைய எண்ணை வாங்கி, அதை வைத்து ட்ராக் அகலத்தைக் கணக்கிடுங்கள். சூளையோரம் போகிற போர்டு என்றால் பலகை இளகத் தொடங்கும் வெப்பநிலை 150 டிகிரிக்குக் குறையாமல் கேளுங்கள். சாதாரணச் சரக்கு 130, 140 தான் வரும்.

இன்னொரு வேலை, காசு செலவில்லாதது. போர்டின் ஓரத்தில் ஒவ்வொரு லேயரின் செம்பிலும் அந்த லேயரின் எண்ணை, ஒன்றன் பக்கத்தில் ஒன்று தெரியும்படி எழுதிவிடுங்கள். உள் லேயர் இரண்டும் இடம் மாறி அழுத்தப்பட்டாலும் போர்டு மின்சார டெஸ்ட்டில் தேறிவிடும். இணைப்பெல்லாம் சரியாகவே இருக்கும். ட்ராக்குக்கு அடியில் இருக்க வேண்டிய தளம் மட்டும் மாறியிருக்கும். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் எண்ணின் வரிசை அதைக் காட்டிக்கொடுக்கும். சந்தேகமிருந்தால் ஒரு போர்டின் மூலையை அறுத்து, உப்புத்தாளில் தேய்த்து, லென்ஸில் பாருங்கள். லேயர்கள் கோடுகோடாகத் தெரியும், இடைவெளியையும் அளந்துவிடலாம்.

நண்பர்களே, அடுத்த ஆர்டர் போடுமுன் ஒரு தாளில் எத்தனை லேயர், எது கிரவுண்ட், எதற்கும் எதற்கும் எத்தனை மில்லிமீட்டர், செம்பு எத்தனை மைக்ரான், பலகை எந்த வகை என்று எழுதி, தயாரிப்பாளரின் ஒப்புதலோடு திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். அந்தத் தாளைத் தர மறுப்பவரிடம் இரண்டு லேயர் மட்டும் கொடுங்கள், நாலு லேயரை வேறு ஆளிடம் கொடுங்கள்.